மருந்துச் சரக்கும் மாற்ற முடியாத பேரேடும்

நம் கடையில் உள்ள ஒரு பொருள் எங்கே புறப்பட்டது, எத்தனை கை மாறி வந்தது என்று கேட்டால், கடைசியாக நமக்கு விற்ற மொத்த வணிகரின் பெயரை மட்டுமே நம்மால் சொல்ல முடியும். அவருக்கு முன்னால் இருந்தவரைத் தெரியாது. பருப்பிலும் எண்ணெயிலும் இந்த அறியாமையால் வரும் கெடுதல் பெரும்பாலும் பண நட்டத்தோடு நின்றுவிடும். மருந்தில் அது உயிரைக் கொண்டுபோகும். அதனால்தான் மருந்துச் சரக்கின் பயணத்தை ஒவ்வொரு கட்டத்திலும் பதிவு செய்ய உலகெங்கும் புதிய வழிகளைத் தேடிவருகிறார்கள். அவற்றுள் அதிகம் பேசப்படுவது ‘பிளாக்செயின்’ என்னும் கணினிப் பேரேட்டு முறை. தமிழில் ‘தொடரேடு’ என்று சொல்லலாம்.

இது கணினிப் பொறியாளர்களுக்கு உரிய செய்தி, மளிகைக் கடைக்காரருக்கு என்ன வேலை என்று எண்ணிவிடக் கூடாது. இதன் அடிப்படை நாம் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் நாள்வழிக் கணக்குதான். அது என்ன செய்யும், என்ன செய்யாது, நம் பங்கு எது என்று வரிசையாகப் பார்ப்போம்.

நம் மாவட்டத்தில் நடந்தது

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் சுங்குவார்சத்திரம். அங்கு இயங்கிவந்த ஸ்ரீசன் பார்மாசூட்டிகல்ஸ் என்ற நிறுவனம் ‘கோல்ட்ரிஃப்’ என்ற பெயரில் சளி, இருமலுக்கான சிரப்பைத் தயாரித்தது. 2025 மே மாதம் தயாரான எஸ்ஆர்-13 என்ற பேட்ச் மத்தியப் பிரதேசத்துக்குச் சென்றது. அம்மாநிலத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர்.

தமிழக அரசு 2025 அக்டோபர் 1 அன்று இம்மருந்தின் விற்பனையை நிறுத்தியது. மறுநாள் வெளிவந்த ஆய்வக முடிவில் அந்தப் பேட்சில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம்தான். ஆலையில் நடந்த ஆய்வில் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் கண்டறியப்பட்டன. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அக்டோபர் 13 அன்று உரிமம் ரத்தாயிற்று. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டது.

இந்த நச்சு சிரப்புக்குள் எப்படி வருகிறது? பாராசிட்டமால் போன்ற மருந்துத் தூளை நீர்ம வடிவில் கரைக்கப் புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற நீர்மங்கள் தேவை. டைஎத்திலீன் கிளைகால் பார்வைக்கும் சுவைக்கும் ஏறக்குறைய அவற்றைப் போலவே இருக்கும், கெட்டியாக, இனிப்பாக இருக்கும், விலையும் குறைவு. பிரேக் எண்ணெய் போன்ற தொழிற்சாலைச் சரக்குகளுக்கு உரியது. மருந்துத் தரம் அல்லாத புரொப்பிலீன் கிளைகாலை உரிய பட்டியல் இல்லாமல் வாங்கியதாகவும், அதைச் சோதித்துப் பார்த்ததற்குப் பதிவு இல்லை என்றும் இந்த ஆலை குறித்து அப்போது செய்திகள் வெளியாயின.

இத்தகைய சாவு இது முதல் முறையும் அன்று. 1972-ல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இதே நச்சு கலந்த மருந்தால் பல குழந்தைகள் இறந்தனர். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சு கலந்த கிளிசரினால் 14 பேர் இறந்து, நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோதும் இதே நச்சின் பெயர்தான் அடிபட்டது. அரை நூற்றாண்டாக ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

சரக்கு கைமாறும் இடங்கள்

மூலப்பொருள் வியாபாரி, உற்பத்தியாளர், கிடங்கு முகவர், மொத்த விற்பனையாளர், மருந்துக் கடை என்று ஒரு மருந்து குறைந்தது நான்கைந்து கைகளைக் கடந்தே நோயாளியிடம் சேர்கிறது. இந்தப் பாதையில் கெடுதல் நுழைய மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், தொடக்கம். தரமற்ற மூலப்பொருள் ஆலைக்குள் போவது. சுங்குவார்சத்திரத்தில் நடந்தது இவ்வகை.

இரண்டாம் வாசல், நடுவழி. உண்மையான உற்பத்தியாளரின் பெயரையும் பெட்டியையும் போலச் செய்து, போலிச் சரக்கை யாரோ ஒரு மொத்த வியாபாரி வழியாகக் கலந்துவிடுவது.

மூன்றாம் வாசல், பின்வழி. காலாவதியாகித் திரும்பிய சரக்கு மீண்டும் புதுச் சரக்காக வேடமிட்டு வருவது. 2010 மார்ச் மாதம் சென்னையில் அம்பலமானது இதுவே. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கியெடுத்து, தேதியை மாற்றி மறுபடியும் சந்தைக்கு அனுப்பிய கும்பல் அப்போது பிடிபட்டது. மாநிலம் முழுவதும் மருந்துக் கடைகளில் சோதனை நடந்தது. இதில் சம்பந்தமே இல்லாத வணிகர்களும் தம் சரக்கின் நேர்மையை நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது.

இம்மூன்று வாசல்களிலும் உள்ள சிக்கல் ஒன்றுதான். ஒவ்வொரு கையும் தன் கணக்கைத் தன் கடையிலேயே, தன் போக்கில் எழுதிவைக்கிறது. ஒருவர் கணக்கை அடுத்தவர் கணக்கோடு ஒத்துப் பார்க்க வழியில்லை. தேவை வரும்போது பழைய தேதியில் ஒரு பட்டியலை எழுதிச் செருகவும் முடிகிறது.

தொடரேடு என்பது என்ன?

நாள்வழிக் கணக்கு எழுதும்போது ஒரு பக்கம் நிறைந்ததும் அதன் மொத்தத்தை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதித் தொடங்குகிறோம். நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் அதற்குப் பின் வரும் எல்லாப் பக்கங்களின் மொத்தமும் பிசகும். தொடரேட்டின் கரு இதுதான். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் அடையாளத்தைத் தன்னுள் சுமந்து நிற்கிறது.

ஒரு சிறு கணக்கால் இதை விளங்கிக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ‘முத்திரை எண்’ வைப்போம். விதி இது: முந்தைய பக்கத்தின் முத்திரை எண்ணை 3 ஆல் பெருக்கி, இந்தப் பக்கத்தில் எழுதிய பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வரும் தொகையின் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். தொடக்க எண் 7 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பக்கம், 120 பெட்டி: 7 × 3 + 120 = 141. முத்திரை 41.
இரண்டாம் பக்கம், 80 பெட்டி: 41 × 3 + 80 = 203. முத்திரை 03.
மூன்றாம் பக்கம், 65 பெட்டி: 3 × 3 + 65 = 74. முத்திரை 74.

இப்போது யாரோ ஒருவர் முதல் பக்கத்தில் 120 என்பதை 110 என்று திருத்துகிறார். முதல் பக்க முத்திரை 31 ஆகிறது. அதனால் இரண்டாம் பக்க முத்திரை 73. மூன்றாம் பக்க முத்திரை 84. திருத்தியது ஓரிடம், மாறியது மூன்றிடம். 41, 03, 74 என்ற வரிசையை ஏற்கனவே எழுதிவைத்திருக்கும் எவரும் ‘கணக்கில் கை வைத்திருக்கிறார்கள்’ என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

இது பாடத்துக்காகச் சொன்ன எளிய கணக்கு. இரண்டே இலக்கம் என்பதால் ஏமாற்றவும் இடமுண்டு. மெய்யான தொடரேடுகளில் ‘ஷா-256’ போன்ற கணித முறையால் முத்திரை கணிக்கப்படுகிறது. அந்த எண் 78 இலக்கம் வரை நீளும். ஒரு காற்புள்ளி மாறினாலும் முத்திரை முழுவதும் வேறாகிவிடும். இருக்கும் முத்திரைக்குப் பொருந்தும்படி பொய்க் கணக்கு ஒன்றைத் தயாரிப்பது நடைமுறையில் முடியாத காரியம்.

இரண்டாவது அம்சம், படிகள். கணக்கு ஒருவரின் பெட்டியில் மட்டும் இருந்தால் அவரே எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுதிவிடலாம். எனவே உற்பத்தியாளர், முகவர், மொத்த வணிகர், கடைக்காரர், அரசு ஆய்வாளர் ஆகிய அனைவரிடமும் ஒரே பேரேட்டின் படி இருக்கும். புதுப் பக்கம் சேரும்போது எல்லாப் படிகளிலும் ஒருங்கே சேரும். ஒருவர் தம் படியைத் திருத்தினால் மற்றவர்களின் படி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கருத்து புதிதன்று. 1991-ல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பத்திரங்களுக்கு மாற்ற முடியாத தேதி முத்திரை இடுவதற்காக இத்தகைய சங்கிலி முறையைக் கட்டுரையாக எழுதினர். 1995 முதல் அவர்கள் நிறுவனம் ஒவ்வொரு வாரத்தின் முத்திரையையும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக வெளியிட்டது. ஊரெல்லாம் வாங்கிய பத்திரிகையைத் திருத்த எவராலும் முடியாதல்லவா? 2008-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரைக்குப் பிறகே இம்முறை உலகப் புகழ் பெற்றது. பிட்காயின் விலை ஏற்ற இறக்கத்துக்கும் நாம் பேசும் சரக்குப் பேரேட்டுக்கும் தொடர்பில்லை. பேரேட்டு முறை ஒன்று. சூதாட்டம் போன்ற அந்த நாணய வியாபாரம் வேறு.

நம் உறுப்பினர்கள் பலர் இந்த முத்திரையைத் தம் கையில் ஏற்கனவே வைத்திருக்கிறார்கள். பெரிய மொத்த வணிகரிடமிருந்து வரும் ஜி.எஸ்.டி. மின்பட்டியலில் 64 எழுத்துகள் கொண்ட நீண்ட கோவை ஒன்று அச்சாகியிருக்கும். விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, பட்டியல் எண் ஆகியவற்றிலிருந்து அதே ‘ஷா-256’ முறையால் வருவிக்கப்பட்ட முத்திரை அது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பதிவு பெற்ற வணிகருக்கு விற்கும்போது இதைப் போட்டாக வேண்டும். பட்டியல்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்படாததால் இது முழுத் தொடரேடு ஆகாது. ஆனால் முத்திரைக் கணக்கு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

மருந்துத் துறையில் இதுவரை

2018 செப்டம்பரில் மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு, ஆரக்கிள் கணினி நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ மருத்துவமனைகள், ஸ்ட்ரைட்ஸ் மருந்து நிறுவனம் ஆகியவற்றோடு சேர்ந்து, மருந்து வழங்கல் பாதையில் தொடரேட்டைச் சோதித்துப் பார்க்க உடன்பாடு செய்தது. ஆலையில் தொடங்கி நோயாளி வரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதிவதே நோக்கம். அமெரிக்காவில் 2013-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மருந்துப் பெட்டியைத் தனித்தனியாகப் பின்தொடரும் முறையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அதையொட்டி 2019, 2020-ம் ஆண்டுகளில் ஐ.பி.எம்., மெர்க், வால்மார்ட் போன்ற நிறுவனங்கள் தொடரேட்டு மாதிரித் திட்டங்களை நடத்தின.

மளிகை வணிகருக்கு நெருக்கமான சோதனை ஒன்றும் உண்டு. வால்மார்ட் நிறுவனம் தன் கடையில் இருந்த ஒரு மாம்பழத் துண்டுப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, பழைய முறையில் ஏறக்குறைய 7 நாள் ஆயிற்று. தொடரேட்டில் பதிந்த பிறகு அதே விடை 2.2 விநாடியில் வந்தது. விஷம் கலந்த சரக்கு ஒன்று சந்தையில் உலவும்போது 7 நாளுக்கும் 2 விநாடிக்கும் உள்ள வேறுபாட்டை உயிர்களால்தான் அளக்க வேண்டும்.

தொடரேடு இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டின் பேரில் விற்கும் மருந்துப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி எண் உண்டு. மருந்துக் கடைக்காரர் விற்கும்போது அந்த எண்ணைப் பொதுக் கணினியில் சரிபார்த்து நீக்கிவிடுவார். அதே எண்ணோடு இன்னொரு பெட்டி வந்தால் அது போலி. இதற்குப் பயன்படுவது சாதாரணக் கணினித் தொகுப்புதான்.

நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் 1 முதல், டோலோ, கால்பால், அலெக்ரா உள்ளிட்ட 300 பெயர் பெற்ற மருந்துகளின் உறையில் பட்டைக் குறியீடோ கியூஆர் குறியீடோ இருக்க வேண்டும். செல்பேசியால் படித்தால் மருந்தின் பெயர், உற்பத்தியாளர் முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள், உரிம எண் தெரியும். இது நல்ல தொடக்கம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் வேண்டும் என்று இந்த விதி கேட்கவில்லை. நடுவில் யார் யார் கையில் இருந்தது என்பதும் இதில் தெரியாது.

கணினிக் காலத்தின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு இன்னொரு வழியைக் காட்டியது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. வந்த சரக்கு உடனே வெளியே போகாது. மாதிரி எடுத்து, உற்பத்தியாளர் யாரென்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி வெறும் குறியீட்டு எண்ணோடு அனுப்புவார்கள். தேறிய பிறகே வழங்கல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது அதில் ஏறும். சோதனையும் கணக்கும் சேர்ந்து நடப்பதே இம்முறையின் பலம்.

தொடரேட்டால் ஆகாதது

இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். சுங்குவார்சத்திர ஆலையில் உலகத்திலேயே சிறந்த தொடரேடு இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்களா?

ஆலைக்கு வந்த பீப்பாயில் நச்சு இருந்து, பேரேட்டில் ‘புரொப்பிலீன் கிளைகால்’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்தப் பொய் அப்படியே மாறாமல் எல்லார் படியிலும் ஏறியிருக்கும். எழுதியதை மாற்றவிடாமல் காப்பது தொடரேட்டின் வேலை. எழுதியது உண்மைதானா என்று பார்ப்பது சோதனைக் குழாயின் வேலை. முதல் வாசலைக் காக்கச் சோதனை மட்டுமே துணை. இரண்டாம், மூன்றாம் வாசல்களில்தான் தொடரேடு காவல் நிற்கும். ஆலை வெளியிடாத பேட்ச் எண்ணோடு வரும் போலியும், ஏற்கனவே அழித்ததாகப் பதிவான காலாவதிச் சரக்கும் அங்கே பிடிபடும்.

பட்டு வணிகம் அறிந்த காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2004-ல் அறிமுகமான சில்க் மார்க் முத்திரை, சேலை தூய பட்டு என்று உறுதி சொல்கிறது. முத்திரை மெய்யானதாகவே இருக்கலாம். அதை ஒரு சேலையிலிருந்து கழற்றி வேறொன்றில் தைத்தால் என்ன செய்வது? அட்டையைச் சரிபார்ப்பதோடு நூலையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. சரக்குக்கும் அதன் அட்டைக்கும் இடையிலுள்ள கட்டு மனிதர் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு குறை, பங்கேற்பு. சங்கிலியில் ஒருவர் எழுதாமல் விட்டாலும் அந்த இடத்தில் கண்ணி அறும். கப்பல் சரக்குப் போக்குவரத்துக்காக மெர்ஸ்க், ஐ.பி.எம். ஆகிய பெரும் நிறுவனங்கள் நடத்திய ‘டிரேட்லென்ஸ்’ என்ற தொடரேடு, துறை முழுவதின் ஒத்துழைப்பும் கிட்டாததால் 2023 தொடக்கத்தில் மூடப்பட்டது. பெரியவர்கள் மட்டும் சேர்ந்தால் போதாது. கடைசிக் கடைக்காரர் வரை சேர வேண்டும்.

பட்டியலே காப்பாற்றிய கதை

1937-ல் அமெரிக்காவில் மாசெங்கில் என்ற நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் குழந்தைகள். செய்தி தெரிந்ததும் அரசு ஆய்வாளர்கள் நாடெங்கும் புறப்பட்டார்கள். அவர்களிடம் கணினி இல்லை. நிறுவனத்தின் அனுப்புதல் ஏடு, மொத்த வணிகரின் விற்பனைச் சீட்டு, மருந்துக் கடையின் குறிப்பு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு புட்டி புட்டியாகத் தேடினார்கள். தயாரான 240 கேலனில் ஏறக்குறைய 234 கேலன் மீட்கப்பட்டது. உயிர்களைக் கொன்றது மிஞ்சிய சுமார் 6 கேலன். அந்த ஏடுகளும் சீட்டுகளும் இல்லாதிருந்தால் சாவு எத்தனையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டே, 1938-ல், புது மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

கடைக்காரர் எழுதிய சீட்டு, உயிர் காக்கும் கருவி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி வேறில்லை.

மாகறல் கடைக்கு இதில் என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் உள்ள மாகறலில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு காஞ்சிபுரத்து மொத்தக் கடையிலிருந்து வருகிறது. வாடிக்கையாளர் தறி வீட்டாரும் வயல் வேலைக்குப் போகிறவர்களும். அவர்கள் அரிசி, பருப்போடு தலைவலித் தைலம், குழந்தைக்குக் கிரைப் வாட்டர் என்றும் கேட்பார்கள். இந்தக் கடைக்காரர் இன்றே, எந்தக் கணினியும் வாங்காமல், செய்யக்கூடியவை உண்டு.

1. உரிமம் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி இதற்குக் குறைந்தது 3 ஆண்டுச் சிறைத் தண்டனை உண்டு. மக்கள்தொகை ஆயிரத்துக்கு மேற்படாத ஊர்களில் சில வீட்டு மருந்துகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது. அதுவும் உரிமம் பெற்றவரிடம் வாங்கி, உடைக்காத உறையோடு விற்கும் நிபந்தனையின் பேரில். தம் ஊருக்கு அது பொருந்துமா என்று மருந்து ஆய்வாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். விதி எப்படி இருந்தாலும், குழந்தைகளுக்கான இருமல் சிரப்பை மளிகைக் கடையில் வைக்காமல் இருப்பதே மேல். கேட்டு வருபவரை மருத்துவரிடம் அனுப்புவோம்.

2. பட்டியல் இல்லாத சரக்கை, விலை எவ்வளவு மலிவானாலும், வாங்கக் கூடாது. மேற்படிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, மருந்தை யாரிடம் வாங்கினோம் என்று ஆய்வாளர் கேட்டால் நாம் சொல்லியாக வேண்டும். 19(3) பிரிவோ நமக்குக் கேடயம். உரிமம் பெற்றவரிடம் வாங்கியது, குறை இருப்பதை உரிய கவனத்தோடு பார்த்தும் அறிய முடியாதது, வாங்கிய நிலையிலேயே முறையாக வைத்திருந்தது ஆகிய மூன்றையும் காட்டினால் வணிகருக்குப் பாதுகாப்பு உண்டு. பட்டியல் இல்லையேல் இந்தக் கேடயமும் இல்லை.

3. பேட்ச் எண்ணைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மருந்துப் பட்டியலில் அது இருந்தாக வேண்டும். உணவுப் பொருள் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. சரக்கு இறங்கும்போது எண்ணெய் டின், பால் பவுடர், குழந்தை உணவு ஆகியவற்றின் பேட்ச் எண்ணைப் பட்டியலின் ஓரத்தில் பேனாவால் எழுதிவைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

4. உணவுப் பொருளுக்கும் இதே நீதிதான். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், நமக்கு விற்பவர் பொருளின் தரத்துக்கு எழுத்தில் உறுதி தர வேண்டும் என்கிறது. 2022 ஜனவரி 1 முதல் உணவு வணிகரின் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண் அவரது பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

5. காலாவதிச் சரக்கைத் தனிப் பெட்டியில் போட்டு, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி, திருப்பி அனுப்பும்போது பேட்ச் எண்ணோடு சீட்டு வாங்க வேண்டும். அழிப்பதாக இருந்தால் உறையையும் சேர்த்துக் கிழித்து அழிக்க வேண்டும். 2010-ல் கொடுங்கையூர் கற்பித்த பாடம் அது.

6. ஒரு பேட்சைத் திரும்பப் பெறுமாறு அறிவிப்பு வந்தால், அன்றே அடுக்கைப் பார்த்து, இருப்பதை எடுத்துவைத்து, விற்றது எத்தனை என்று மொத்த வணிகருக்குச் சொல்ல வேண்டும். பற்று வரவு வாடிக்கையாளர் வாங்கியிருந்தால் நம் ஏட்டில் அவர் பெயரே இருக்கும். வீடு தேடிப் போய்ச் சொல்லிவிடலாம். பெருநகரத்துப் பேரங்காடிக்குக் கிடைக்காத வசதி இது.

சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மொத்த வணிகர்கள் பேட்ச் எண்ணோடு பட்டியல் தருவது என்று கூடிப் பேசி ஒரே நடைமுறை வகுக்கலாம். தமிழக அரசு 2020-ல் தொடரேட்டுக் கொள்கையை வெளியிட்டு, அரசுச் சான்றிதழ்களுக்காக ‘நம்பிக்கை இணையம்’ என்ற அடித்தளத்தை அமைத்துள்ளது. நாளை இது சரக்குப் பாதைக்கும் விரிவாகும்போது, ஏற்கனவே பேட்ச் எண்ணோடு கணக்கு வைத்திருப்பவருக்கு அதில் சேர்வது எளிது. அப்போது ‘என் கொள்முதல் விலை எல்லாருக்கும் தெரிந்துவிடுமே’ என்ற அச்சம் எழும். அதற்கு அவசியமில்லை. பொதுப் பேரேட்டில் பொருள், பேட்ச் எண், அளவு, கொடுத்தவர், பெற்றவர் ஆகியவை இருந்தால் போதும். விலையை எழுதாமலே விடலாம். முத்திரையை மட்டும் பகிர்ந்து விவரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நடைமுறை வகுக்கும் வேளையில் சிறு வணிகரின் குரலும் அங்கே இருக்க வேண்டும். செலவைச் சிறியவர் தலையில் மட்டும் சுமத்தாதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை.

‘எழுதி வழங்கான் வாழ்வு கழுதை புரண்ட களம்’ என்பது பழமொழி. நம் முன்னோர் இதைக் கடன் வசூலுக்காகச் சொன்னார்கள். இன்று அதை ஒரு குழந்தையின் உயிருக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடரேடு வரும்போது வரட்டும். நாளைக் காலை சரக்கு இறங்கும்போது பட்டியலின் ஓரத்தில் பேட்ச் எண்ணை எழுதத் தொடங்குவோம்.